விஎம் கமாண்ட்-லைன் கருவியில் டிஸ்க் இணைக்கும் ஆப்ஷன் சேர்ப்பது

விஎம்களை (விர்ச்சுவல் மெஷின்களை) இயக்கும் கியூஎமு நிரலை உள்ளே வைத்துக்கொண்டு மேலே நாலைந்து எளிய கட்டளைகளை மட்டும் தரும் விஎம் கருவிகள் பல அலுவலகங்களில் உண்டு. கிரியேட், ஸ்டார்ட், ஸ்டாப், டெலீட், ஒரே ஒரு ரூட் டிஸ்க், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் யாராவது வந்து, டேட்டாபேஸுக்குத் தனியாக ஒரு டிஸ்க் வேண்டும் என்பார்கள். அந்த நேரத்தில் செய்யவேண்டியவை இங்கே. கருவி கோ மொழியில் கோப்ரா லைப்ரரியைக் கொண்டு எழுதப்பட்டது, விஎம்மைத் தாங்கும் ஹோஸ்ட் கணினி லினக்ஸ், அதன் மெய்நிகராக்க வசதியான கேவிஎம் இயங்குகிறது, கியூஎமு காட்டும் மெஷின் வகை கியூ35 என்று வைத்துக்கொள்வோம். பைத்தானில் எழுதியிருந்தாலும் முடிவுகள் பெரும்பாலும் இவையேதான்.

ஆப்ஷனைப் படித்து கியூஎமுவுக்குத் தள்ளிவிடுவது பத்து வரி வேலை. சிக்கல் எல்லாம் ‘எந்த டிஸ்க்’ என்ற கேள்வியில்தான் இருக்கிறது. பயனர் கொடுக்கும் பாத், கியூஎமு வைத்திருக்கும் நோட் (அந்த டிஸ்குக்கான உள் பதிவு), கெஸ்ட் (விஎம்முக்குள் ஓடும் இயங்குதளம்) பார்க்கும் டிவைஸ், பிறகு கழற்றும்போது சொல்லும் பெயர் ஆகிய நான்கும் ஒரே டிஸ்கையே குறிக்கவேண்டும். அதனால் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு டிஸ்குக்கும் ஒரு ஐடியைக் கட்டாயமாக்குங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பழைய கான்ஃபிக் ஃபைல்கள் எல்லாம் பெயரில்லாத டிஸ்குகளோடு நிற்கும்.

ஐடியின் விதியை நாம் விருப்பப்படி வைக்க முடியாது. கியூஎமுவின் நோட் பெயர் ஆங்கில எழுத்தில் தொடங்கவேண்டும். எழுத்து, எண், ஹைஃபன், புள்ளி, அண்டர்ஸ்கோர் தவிர வேறு எதுவும் வரக்கூடாது. நீளம் 31 எழுத்துக்குள். விஎம்களுக்கென்றே உள்ள விர்ட்டியோ-பிளாக் வகை டிஸ்கின் சீரியல் எண்ணுக்கு இதைவிடக் குறைவாக 20 பைட் மட்டுமே இடம். இரண்டுக்கும் பொருந்தும்படி, சிறிய எழுத்தில் தொடங்கி, சிறிய எழுத்து, எண், ஹைஃபன் மட்டும் கொண்ட, 20 எழுத்தைத் தாண்டாத ஐடி என்று விதி வைத்தால் போதும். மீறினால் வெட்டிச் சுருக்காதீர்கள், பிழை சொல்லி நிறுத்துங்கள். முதல் 20 எழுத்து ஒன்றாக இருக்கும் இரண்டு ஐடிகளைச் சுருக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஆப்ஷனைப் படிக்கும் இடம்

வடிவம் இப்படி இருக்கட்டும்: --டிஸ்க் ஐடி=பிஜிடேட்டா,பாத்=/ஸ்ரீவ்/பிஜி.ரா,ஃபார்மட்=ரா. ரா என்பது தலைப்பு எதுவும் இல்லாத வெறும் டிஸ்க் உள்ளடக்கம். தேவைப்பட்டால் கடைசியில் ரீட்ஒன்லி=ஆன். டாக்கரைப் பார்த்து நடுவில் கோலன் வைத்துப் பிரிக்கும் வடிவத்தைப் பலர் விரும்புகிறார்கள். மூன்றாவது, நான்காவது புலம் வந்ததும் எது எந்த இடத்தில் என்பது யாருக்கும் நினைவிருக்காது; /டெவ்/டிஸ்க்/பை-பாத் கீழே உள்ள பெயர்களிலேயே கோலன் வரும் என்பது தனிக் கதை.

கோப்ராவில் முதல் பள்ளம் இங்கேதான். ஆப்ஷனைப் பலமுறை கொடுக்கலாம் என்பதால் கை தானாக ஸ்ட்ரிங்ஸ்லைஸ் பக்கம் போகும். அது கமாவைப் பார்த்ததும் வெட்டிவிடும். ஒரு டிஸ்குக்கான மூன்று புலங்களும் மூன்று தனித்தனி டிஸ்க் போல வந்து சேரும், ‘பாத் கொடுக்கவில்லை’ என்று உங்கள் நிரலே பயனரைத் திட்டும். ஸ்ட்ரிங்அரே கமாவைத் தொடாது, அதைப் பயன்படுத்துங்கள். பைத்தானின் ஆர்க்பார்ஸில் ‘அப்பெண்ட்’ ஆக்‌ஷன் சரியாக வேலை செய்யும். ஆனால் அதற்கு இயல்பு மதிப்பாக ஒரு டிஸ்கைக் கொடுத்து வைத்திருந்தால், பயனர் கொடுப்பது அதை மாற்றாது, அதன் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும்.

தெரியாத புலப்பெயர் வந்தால் கண்டிப்பாகப் பிழை. ‘ரீட்ஒன்லி’யில் ஓர் எழுத்து தவறி, கருவி அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால், பயனர் பாதுகாப்பாகக் கொடுத்ததாக நினைத்த டிஸ்க் எழுதும் உரிமையோடு உள்ளே போகும். ஒரே புலம் இரண்டு முறை வந்தாலும் பிழை.

பாத் சார்புப் பாதையாக இருந்தால், அதைக் கட்டளை இயங்கும் இடத்திலேயே முழுப் பாதையாக மாற்றிவிடுங்கள். பின்னணியில் டீமன் வைத்திருந்தால் அதன் வேலை செய்யும் டைரக்டரி பெரும்பாலும் ரூட்தான்; அங்கே போய் மாற்றினால் ஃபைல் இல்லை என்றே வரும். ஆனால் சிம்லிங்கைப் பிரித்து அதன் இறுதி இலக்கைச் சேமிக்காதீர்கள். பயனர் /டெவ்/டிஸ்க்/பை-ஐடி கீழே உள்ள பெயரைக் கொடுத்ததே, அடுத்த பூட்டில் எஸ்டிபி என்ற டிவைஸ் பெயர் எஸ்டிசி ஆகிவிடும் என்பதால்தான். சேமிப்பது அவர் கொடுத்த பெயர். ஒப்பிடுவதற்கு மட்டும் இலக்கைப் பாருங்கள்: ஒரே ஃபைல் இரண்டு ஐடியில் வந்திருக்கிறதா என்பதை எழுத்தை வைத்து ஒப்பிடாமல், ஸ்டாட் தரும் டிவைஸ் எண்ணையும் ஐநோடையும் வைத்து ஒப்பிடுங்கள். பிளாக் டிவைஸ் என்றால் அதன் மேஜர், மைனர் எண்களை.

பாத்தில் ஃபைல் இல்லாவிட்டால் புதிதாக உருவாக்கித் தரும் வசதியை இந்த ஆப்ஷனில் வைக்கக்கூடாது. கேட்பார்கள், வசதியாகவும் இருக்கும். ஆனால் பாத்தில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தால் கெஸ்டுக்குள் காலி டிஸ்க் போகும். அங்கே ஏதாவது ஸ்கிரிப்ட் அதை ஃபார்மட் செய்து மவுண்ட் செய்யும். டேட்டாபேஸ் காலியாக எழுந்து நிற்கும். பிழைச் செய்தி ஒன்றுகூட வராது. உருவாக்குவது தனிக் கட்டளையாக இருக்கட்டும்.

கியூஎமுவைத் தொடங்கும் முன் பார்க்கவேண்டியவை

ஃபார்மட்டைக் கியூஎமுவே கண்டுபிடிக்கட்டும் என்று விடாதீர்கள். அது ஃபைலின் உள்ளடக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். ரா டிஸ்கின் உள்ளடக்கம் முழுவதும் கெஸ்டின் கையில். கெஸ்டில் ரூட் உரிமை உள்ள ஒருவர் டிஸ்கின் முதல் செக்டரில் க்யூகவ்2 (கியூஎமுவின் சொந்த டிஸ்க் ஃபார்மட்) தலைப்பு ஒன்றை எழுதி, அதில் பின்னணி ஃபைலாக ஹோஸ்டின் ஏதோ ஒரு ரகசிய ஃபைலைக் குறிப்பிட்டுவிட்டால், அடுத்த முறை தொடங்கும்போது அந்த ஃபைல் கெஸ்டுக்குள் டிஸ்காகத் தெரியும். ஃபார்மட் சொல்லாமல் ரா டிஸ்கைக் கொடுத்தால், முதல் பிளாக்கில் எழுதுவதைக் கட்டுப்படுத்துவதாகக் கியூஎமு எச்சரிப்பது இதனால்தான். அந்தக் கட்டுப்பாட்டால் கெஸ்டில் பார்ட்டிஷன் டேபிள் எழுதுவதுகூடத் தோற்கலாம்.

ஃபார்மட் புலம் இல்லாவிட்டால் ஃபைல் பெயரின் பின்னொட்டை வைத்து முடிவு செய்வதில் தவறில்லை. பெயர் ஹோஸ்ட் பயனரின் கையில் இருப்பது. பின்னொட்டும் தெளிவாக இல்லையென்றால் கேட்டு நிறுத்துங்கள்.

எதிர்த்திசைத் தவறு இன்னும் அடிக்கடி நடப்பது: க்யூகவ்2 ஃபைலை ரா என்று கொடுப்பது. புதிதாக உருவாக்கிய 20 ஜிபி க்யூகவ்2 ஃபைல் ஹோஸ்டில் சுமார் 200 கேபி அளவுதான் இருக்கும். அதை ராவாகக் கொடுத்தால் கெஸ்டுக்குள் 200 கேபி டிஸ்க் ஒன்று தெரியும். பார்த்துச் சிரித்துவிட்டு நிறுத்தினால் பிழைத்தோம். அதன்மேல் எதையாவது எழுதினால் க்யூகவ்2 தலைப்பு அழிந்து உண்மையான டிஸ்கே போய்விடும். எனவே ரா என்று சொன்ன ஃபைலின் முதல் நான்கு பைட்டைப் படியுங்கள். க்யூ, எஃப், ஐ என்ற மூன்று எழுத்தும் அதன்பின் ஹெக்ஸில் எஃப்பி என்ற பைட்டும் இருந்தால் மறுத்துவிடுங்கள். இந்தச் சோதனை மறுப்பதற்கு மட்டும். இதைக் கொண்டு ஃபார்மட்டைத் தேர்ந்தெடுத்தால் மேலே சொன்ன ஓட்டை திரும்ப வந்துவிடும்.

இமேஜ் ஃபைலை இரண்டு விஎம் ஒரே நேரத்தில் எழுதுவதை, கியூஎமு 2.10 முதல் இருக்கும் இமேஜ் லாக் தடுக்கிறது. ரைட் லாக் கிடைக்கவில்லை என்ற அந்தப் பிழையை அப்படியே பயனரிடம் கொட்டாமல், எந்த விஎம்மில் அந்த டிஸ்க் இருக்கிறது என்று உங்கள் கான்ஃபிக்கில் தேடிச் சொல்லுங்கள். லாக்கை அணைக்கும் வழி இருக்கிறது என்று இணையத்தில் படித்துவிட்டு அதையும் ஒரு புலமாகக் கேட்பவர் வருவார். கொடுக்காதீர்கள். இரண்டு கெஸ்டும் ரீட்ஒன்லியாக எடுத்தால் லாக் தடுக்காது. ஒன்று எழுதி, ஒன்று படித்தால் தடுக்கும், அது சரிதான்.

அந்த லாக் பிடிக்காத ஒன்று உண்டு: ஹோஸ்டிலேயே மவுண்ட் ஆகியிருக்கும் பிளாக் டிவைஸ். ஹோஸ்ட் கர்னல் மவுண்ட் செய்யும்போது கியூஎமுவின் லாக்கைப் பார்ப்பதில்லை, கியூஎமுவும் மவுண்ட் பட்டியலைப் பார்ப்பதில்லை. எக்ஸ்ட்4 டிஸ்கை இரண்டு கர்னல் ஒரே நேரத்தில் எழுதினால் சில நிமிடங்களில் ஃபைல்சிஸ்டம் சிதைந்துவிடும். லினக்ஸில் இதற்கு நேரடி வழி இருக்கிறது. பிளாக் டிவைஸை ஓ_எக்ஸ்க்ல் கொடியோடு, ஓ_கிரியேட் இல்லாமல் ஓப்பன் செய்யுங்கள். அது மவுண்டிலோ, எல்விஎம்மிலோ, ரெய்டிலோ இருந்தால் ‘இபிஸி’ (பயன்பாட்டில் உள்ளது என்ற பிழை) திரும்பும். முழு டிஸ்கைத் திறக்கும்போது அதன் ஒரு பார்ட்டிஷன் மட்டும் மவுண்டில் இருந்தாலும் இது பிடித்துவிடும்.

உரிமைச் சிக்கலுக்கு ஒரு வார்த்தை. /டெவ்/எஸ்டிபி திறக்க முடியவில்லை என்றதும் பயனரை ‘டிஸ்க்’ குரூப்பில் சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. அந்தக் குரூப்பில் இருப்பவரால் ஹோஸ்டின் ரூட் டிஸ்கையும் நேரடியாக எழுத முடியும், அதாவது ரூட் உரிமையையே கொடுத்ததுபோல. குறிப்பிட்ட அந்த டிஸ்குக்கு மட்டும் யுடெவ் (டிவைஸ் பெயர்களையும் உரிமைகளையும் அமைக்கும் லினக்ஸ் சேவை) விதி எழுதச் சொல்லி உங்கள் பிழைச் செய்தியிலேயே வழி காட்டுங்கள்.

கியூஎமு ஆர்க்யூமெண்ட்

பழைய -டிரைவ் ஒரே வரியில் முடிந்துவிடும், அதனால் ஈர்ப்பு அதிகம். புதிய கருவிக்கு -பிளாக்டெவ், -டிவைஸ் என்று பிரித்து எழுதுவதே நல்லது. -பிளாக்டெவ் ஹோஸ்ட் பக்கத்தைச் சொல்லும், -டிவைஸ் கெஸ்ட் பார்க்கும் கருவியைச் சொல்லும். பின்னர் ஓடும் விஎம்மில் இணைக்கும்போதும் இதே இரண்டு படிதான், ஆகவே ஒரே ஃபங்ஷன் இரண்டு இடத்துக்கும் பயன்படும்.

-பிளாக்டெவ் மதிப்பை ஜேசானாகக் கொடுங்கள். கமா போட்டு எழுதும் வடிவத்தில், பாத்தில் கமா இருந்தால் அதை இரட்டிக்கவேண்டும். மறந்தால் மீதிப் பாத் வேறு ஆப்ஷனாகப் படிக்கப்படும். ஜேசானில் அந்தத் தொல்லை இல்லை. -டிவைஸும் கியூஎமு 6.2 முதல் ஜேசானை ஏற்கும். நோட் பெயரை ஐடிக்கு முன் ‘என்-’ சேர்த்தும், டிவைஸ் ஐடியை ‘டி-’ சேர்த்தும், சீரியலை ஐடி அப்படியேயும் வையுங்கள். ஃபார்மட் நோடுக்குள்ளேயே ஃபைல் நோடைப் பொதிந்து எழுதினால், கழற்றும்போது ஒரு பெயரை நீக்கினால் இரண்டும் போய்விடும்.

பிளாக் டிவைஸ் என்றால் உள் டிரைவரின் பெயர் ‘ஹோஸ்ட்_டிவைஸ்’, சாதாரண ஃபைல் என்றால் ‘ஃபைல்’. மாற்றிக் கொடுத்தால் கியூஎமு மறுக்கும்.

கேஷ் வகைகளைப் பயனருக்கு முழுப் பட்டியலாகத் திறந்துவிடவேண்டாம். இயல்பாக ரைட்பேக் இருக்கட்டும். ஹோஸ்ட் மெமரியில் இரட்டைக் கேஷ் வேண்டாம் என்பவருக்கு கேஷ்.டைரக்ட் மட்டும் ஒரு தேர்வு. கேஷ்.நோ-ஃப்ளஷ், அதாவது கெஸ்ட் கேட்கும் ஃப்ளஷைக் கண்டுகொள்ளாமல் விடுவது, டேட்டா டிஸ்குக்கு வேண்டவே வேண்டாம். மின்சாரம் போன நேரத்தில்தான் அதன் விலை தெரியும். ஏஐஓ=நேட்டிவ் கொடுக்க நினைத்தால் கேஷ்.டைரக்ட் ஆனில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் விஎம் தொடங்காது.

கெஸ்ட் அழித்த இடத்தை ஹோஸ்டுக்குத் திருப்பித் தரும் டிஸ்கார்டை ‘அன்மேப்’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். இயல்பு நிலை ‘இக்னோர்’. அப்படியே விட்டால் கெஸ்டில் ஃபைல்களை அழித்து எஃப்ஸ்ட்ரிம் ஓட்டினாலும் ஹோஸ்டில் ஃபைல் ஒரு பைட்கூடச் சுருங்காது. விர்ட்டியோ-பிளாக் வழியாக டிஸ்கார்ட் போக கியூஎமு 4.0, கெஸ்டில் லினக்ஸ் 5.0 வேண்டும். அதைவிடப் பழைய கெஸ்டுகளுக்கு விர்ட்டியோ-ஸ்கஸி.

விர்ட்டியோ-பிளாக் ஒவ்வொன்றும் ஒரு பிசிஐ இடத்தைப் பிடிக்கும். நான்கைந்து டிஸ்க் வரை இதுவே எளிது. பத்து, இருபது என்று போகும் என்றால் ஒரு விர்ட்டியோ-ஸ்கஸி கண்ட்ரோலர் வைத்து அதன் கீழ் எல்லாவற்றையும் தொங்கவிடுங்கள். எந்த வழியாக இருந்தாலும் ரூட் டிஸ்குக்கு பூட்இண்டெக்ஸ் 1 என்று எழுத மறக்காதீர்கள். இல்லையென்றால், பழைய இயங்குதளம் இருக்கும் டேட்டா டிஸ்க் ஒன்றை இணைத்த நாளில் விஎம் அதிலிருந்து பூட் ஆக முயலும்.

ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மில் இணைப்பது

ஓடும் கியூஎமுவுக்குக் கட்டளை அனுப்பும் கியூஎம்பி சாக்கெட்டில் சேர்ந்ததும் முதலில் கியூஎம்பி_கேப்பபிலிட்டீஸ் அனுப்பவேண்டும். அதற்கு முன் வேறு கட்டளை எதுவும் ஏற்கப்படாது. ஒரு சாக்கெட்டில் ஒரே நேரத்தில் ஒரு கிளையண்ட்தான். யாராவது சோதனைக்காக அதே சாக்கெட்டில் உட்கார்ந்திருந்தால் உங்கள் கருவி வரவேற்புச் செய்திக்காகக் காத்து உறைந்து நிற்கும். கருவிக்கென்று தனிச் சாக்கெட், படிப்பதற்கு 5 விநாடி டைம்அவுட்.

வரிசை: பிளாக்டெவ்-ஆட், பிறகு டிவைஸ்_ஆட். இரண்டாவது தோற்றால் பிளாக்டெவ்-டெல் செய்து முதலாவதைத் திரும்பப் பெறுங்கள். அதை விட்டுவிட்டால் நோட் உள்ளேயே நின்று லாக்கைப் பிடித்துக்கொள்ளும். பயனர் தவறைத் திருத்தி மறுபடி முயன்றால், அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று வரும்.

டிவைஸ்_ஆட் தோற்பதற்கு முதல் காரணம், பிசிஐஇ.0 பஸ் ஹாட்பிளக் (ஓடும்போதே செருகுவது) ஏற்காது என்ற பிழை. கியூ35 மெஷினில் ரூட் பஸ்ஸில் நேரடியாகச் செருக முடியாது. பிசிஐஇ-ரூட்-போர்ட் வேண்டும், அதுவும் விஎம் தொடங்கும்போதே. எனவே ஸ்டார்ட் கட்டளையில் நான்கு காலி ரூட் போர்ட்டுகளைச் சேர்த்துவிடுங்கள், எந்தப் போர்ட்டில் எந்த ஐடி என்பதைக் கான்ஃபிக்கில் எழுதிவையுங்கள். ஏற்கெனவே ஓடும் பழைய விஎம்களில் போர்ட் இருக்காது. அவற்றை ஒருமுறை முழுவதும் நிறுத்தித் தொடங்கவேண்டும், கெஸ்டுக்குள் ரீபூட் செய்தால் போதாது. இதைப் பிழைச் செய்தியில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் ரீபூட் செய்துவிட்டுத் திரும்ப வருவார்கள். விர்ட்டியோ-ஸ்கஸியில் கண்ட்ரோலர் முன்பே இருப்பதால் இந்தத் தொல்லை கிடையாது.

கான்ஃபிக்கில் சேர்ப்பது நேரடி இணைப்பு வெற்றி பெற்ற பிறகே. தற்காலிக ஃபைலில் எழுதி, எஃப்சிங்க் செய்து, ரீநேம். விஎம் மேலாண்மைக் கருவியான லிப்விர்ட்டில் அட்டாச்-டிஸ்க் செய்து, பெர்சிஸ்டெண்ட் கொடுக்காமல் விட்டு, அடுத்த தொடக்கத்தில் டிஸ்கைக் காணோம் என்று தேடியவர்கள் ஏராளம். உங்கள் கருவியில் நிலையாக இணைப்பதை இயல்பாக வைத்து, தற்காலிகம் வேண்டுபவர் அதற்கென்று சொல்லட்டும்.

கழற்றுவது

இதுதான் கடினமான பாதி. டிவைஸ்_டெல் உடனே வெற்றி என்று திரும்பும். அது வெறும் கோரிக்கை ஏற்கப்பட்டது என்பதற்கான பதில். டிஸ்க் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. கெஸ்ட் ஒத்துழைத்து விட்டுக்கொடுத்த பிறகு டிவைஸ்_டெலீட்டட் என்ற நிகழ்வு வரும். அது வந்த பிறகே பிளாக்டெவ்-டெல். முந்திக்கொண்டால், நோட் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுக்கப்படும்.

30 விநாடி காத்திருங்கள். கெஸ்டில் பிசிஐஇயின் சொந்த ஹாட்பிளக் டிரைவர் வேலை செய்தால், பட்டனை மறுபடி அழுத்தி ரத்து செய்ய வாய்ப்பளிப்பதற்காக அதுவே 5 விநாடி காக்கும்; அதனால் 3 விநாடி டைம்அவுட் வைத்தவர்களுக்கு எப்போதும் தோல்விதான். கெஸ்ட் கிரப் (பூட் மெனு) திரையில் நின்றாலோ, கர்னல் இன்னும் எழாவிட்டாலோ கோரிக்கையைக் கேட்க ஆளில்லை. அப்போது டைம்அவுட் ஆனால் கான்ஃபிக்கைத் தொடாமல், ‘கெஸ்ட் இன்னும் விடவில்லை’ என்று சொல்லி, பூஜ்யம் அல்லாத எண்ணோடு வெளியேறுங்கள்.

மவுண்டில் இருக்கும் டிஸ்கைக் கழற்றச் சொன்னால் லினக்ஸ் கெஸ்ட் மறுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மறுக்காது. விட்டுக்கொடுத்துவிடும், அதன்பின் அங்கே எழுத முயலும் ஒவ்வொன்றும் ஐ/ஓ பிழை. கெஸ்டுக்குள் ஓடும் உதவி நிரலான கெஸ்ட் ஏஜெண்ட் இருந்தால் மவுண்டில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் ‘அன்மவுண்ட் செய்துவிட்டீர்களா’ என்று கேட்டு உறுதி வாங்குங்கள்.

டெலீட் கட்டளையையும் இப்போதே திருத்திவிடுங்கள். விஎம்மை அழிக்கும்போது கான்ஃபிக்கில் உள்ள எல்லா டிஸ்க் ஃபைலையும் அழிக்கும் பழைய நிரல், இணைத்த டேட்டா டிஸ்கையும் சேர்த்து அழித்துவிடும். கருவி உருவாக்கியது எது, பயனர் கொண்டுவந்தது எது என்று ஒரு கொடி வேண்டும். பயனருடையதைத் தொடவே கூடாது.

கெஸ்ட் உள்ளே

கெஸ்டில் டிஸ்குகளுக்கு வரும் விடிபி, விடிசி என்ற பெயர்களை ஆவணத்தில் எழுதாதீர்கள். ஒரு டிஸ்கைக் கழற்றினால் அடுத்த தொடக்கத்தில் எழுத்துகள் நகர்ந்துவிடும். சீரியலாக ஐடியைக் கொடுத்ததன் பலன் இங்கேதான்: /டெவ்/டிஸ்க்/பை-ஐடி/விர்ட்டியோ-பிஜிடேட்டா என்ற பெயர் எப்போதும் அதே டிஸ்கைக் காட்டும். யுடெவ் இல்லாத சிறிய கெஸ்டுகளில் இந்தப் பெயர் உருவாகாது. அங்கே /சிஸ்/பிளாக்/விடிபி/சீரியல் ஃபைலைப் படித்து ஒப்பிடலாம். எஃப்ஸ்டேப் (பூட்டில் மவுண்ட் செய்யும் பட்டியல்) வரியில் நோஃபெயில் சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் டிஸ்கைக் கழற்றினால் சிஸ்டம்டி 90 விநாடி காத்துவிட்டு எமர்ஜென்சி ஷெல்லில் போய் நிற்கும்.

ரீட்ஒன்லியாக இணைத்த எக்ஸ்ட்4 டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை என்று புகார் வந்தால், பெரும்பாலும் அது முன்பு சரியாக அன்மவுண்ட் ஆகாமல் ஜர்னலில் வேலை மிச்சம் வைத்திருக்கும். டிஸ்கில் எழுத முடியாததால் ஜர்னலை ஓட்ட முடியவில்லை. நோலோட் ஆப்ஷனோடு மவுண்ட் செய்தால் திறக்கும். ஆனால் கடைசியாக எழுதிய சில ஃபைல்கள் அரைகுறையாகத் தெரியலாம்.

சோதனைக்கு

ட்ரங்கேட் கொண்டு 1 ஜிபி ரா ஃபைல்கள் இரண்டு உருவாக்குங்கள். ஸ்பார்ஸ் என்பதால் இடம் பிடிக்காது. ஒன்றின் பெயரில் கமாவும் மற்றதில் இடைவெளியும் இருக்கட்டும். இரண்டையும் இணைத்து, கெஸ்டில் எல்எஸ்பிளாக்கில் சீரியல் பத்தியைக் காட்டச் சொல்லிச் சரிபாருங்கள். ஒரே ஃபைலைச் சிம்லிங்க் வழியாக இரண்டாம் ஐடியில் கொடுத்துப் பாருங்கள், மறுக்கவேண்டும். பூட் நடுவில் கழற்றிப் பாருங்கள், டைம்அவுட் ஆகி கான்ஃபிக் அப்படியே இருக்கவேண்டும். கெஸ்டில் 500 எம்பி எழுதி, அழித்து, எஃப்ஸ்ட்ரிம் ஓட்டி, ஹோஸ்டில் டியூ காட்டும் அளவு குறைகிறதா பாருங்கள்.

கருவியில் ஸ்னாப்ஷாட் கட்டளை இருந்தால் அதையும் ஓட்டிவிடுங்கள். சேவ்விஎம் மூலம் எடுக்கும் உள் ஸ்னாப்ஷாட், எழுதும் உரிமையோடு ஒரு ரா டிஸ்க் இணைந்ததும் தோற்கும், அந்த டிஸ்க் ஸ்னாப்ஷாட்டை ஏற்காது என்று. நேற்று வரை ஓடிய கட்டளை ஏன் இன்று ஓடவில்லை என்பது பயனருக்குப் புரியாது. ரா டிஸ்கை இணைக்கும் நேரத்திலேயே இனி ஸ்னாப்ஷாட் எடுக்க முடியாது என்று ஒரு வரி எச்சரிக்கை அச்சிடுங்கள்; க்யூகவ்2-ஆக மாற்ற கியூஎமு-ஐஎம்ஜி கன்வெர்ட் கட்டளையை அதே வரியில் முழுதாக எழுதிக் கொடுத்தால் கேள்விகள் பாதியாகக் குறையும்.